சாளரத்துக் கூட்டாளி

மருந்துச் சாளரத்து வரிசையில் நிற்பவர்கள் தங்கள் உடம்பைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. அவரவர் உடம்பைப் பற்றி அவரவருக்குத் தெரிந்ததைவிட உள்ளே இருக்கும் கணினிக்கு அதிகம் தெரியும் என்னும்போது, அதில் பேச என்ன இருக்கிறது? அதனால் காலை வரிசையில் வஞ்சிரம் விற்கும் விலை, வராத மழை, பக்கத்துத் தெருக் கல்யாணத்துப் பிரியாணியில் கறியைத் தேட வேண்டியிருந்தது என்று இப்படித்தான் பேச்சு போகும். கேட்டுக்கொண்டே நின்றால் இது ஏதோ ரேஷன் கடை என்றுதான் வெளியாள் நினைப்பான்.

ஜெசிந்தா தன் முறை வந்ததும் இடது கையைச் சாளரத்துக் கண்ணாடியில் வைத்தாள். முழங்கையின் உட்புறம் ஒட்டியிருந்த தோல்வில்லை பச்சையாக ஒருமுறை மின்னியது. நாணயம் அளவுதான் இருக்கும் அந்த சென்சார். வியர்வை, நாடி, தூக்கம், ரத்தத்தில் மிச்சமிருக்கும் மருந்து என எல்லாவற்றையும் மோந்து பார்த்து சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அங்கே அவளைப் போலவே இன்னொரு ஜெசிந்தா கணக்கால் ஆன உடம்போடு இருக்கிறாள். டாக்டர்கள் அதை டிஜிட்டல் ட்வின் என்பார்கள், காசிமேட்டில் நிழல் என்பார்கள். ஜெசிந்தாவுக்கு நாளைக்கு உடம்பு நடுங்குமா, போதைக்கு மனம் அலையுமா என்பதை அந்த நிழல் இன்றைக்கே வாழ்ந்து பார்த்துவிடும். அதற்குத் தகுந்த அளவில் ஒரு நாக்குத்தாள் அச்சாகிச் சாளரத்தில் வந்து விழும். நாக்கில் வைத்தால் கரைந்துவிடும். அன்றைய பொழுது ஊசி இல்லாமல் ஓடிவிடும்.

அன்றைக்குத் தாள் விழவில்லை.

அவள் கையை எடுத்து மறுபடி வைத்தாள். வில்லை மின்னியது, சாளரம் சும்மா இருந்தது. பிறகு, "டாக்டரைப் பார்க்கவும்" என்று ஒரு வரி ஓடியது.

"இன்னாக்கா, மெஷின் ஒக்காந்துச்சா?" என்று பின்னால் நின்ற குமுதவல்லியைத் திரும்பிக் கேட்டாள். குமுதாக்கா வழக்கமாக எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள். அன்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டு, "போயி பாரும்மே" என்று மட்டும் சொன்னாள். ஜெசிந்தா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டாளி முகத்தை யாராவது உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்களா?

காசிமேட்டுக்கு இந்த வரிசை எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். கடல் ஏறி வந்து பழைய தெருக்களை விழுங்கியபோது, மிச்சமிருந்த ஊரைக் காக்கக் கடற்சுவர் கட்டினார்கள். கட்டியவர்கள் பெரும்பாலும் இந்த ஊர்க்காரர்கள். பகலும் இரவுமாகக் கான்கிரீட்டைத் தூக்கிப் போட்ட உடம்புகளுக்கு இடுப்பு விட்டுப்போகாமல் இருக்க, ஒப்பந்தக்காரர்கள் வலி மாத்திரையை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். சுவர் எழுந்தது. மாத்திரை நின்றது. உடம்பு மட்டும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. மாத்திரை கிடைக்காதவர்கள் ஊசிக்குப் போனார்கள், ஓர் ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள், கூடவே எச்.ஐ.வி.யையும் பகிர்ந்துகொண்டார்கள். ஊரைக் கடலிடமிருந்து காப்பாற்றியவர்களை ஊரே சந்துக்குச் சந்து எடுத்துப் புதைத்தது.

அப்புறம்தான் திட்டம் வந்தது. தோல்வில்லை, நிழல், நாக்குத்தாள். எச்.ஐ.வி. வரக்கூடிய ஆபத்தில் இருப்பவர் என்று நிழல் கணித்தால், வருமுன் தடுக்க அரண் ஊசி. "நிழலுக்குப் பேர் இல்லை" என்று சுவர் முழுக்க எழுதிப் போட்டார்கள். எந்த டேட்டா யாருடையது என்று கணினிக்குத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று அர்த்தம். மக்கள் முதலில் நம்பவில்லை. பிறகு சாவு குறைந்தது. சாவு குறைந்த பிறகு யார்தான் நம்பாமல் இருப்பார்கள்?

நம்பாதவன் ஒருவன் இருந்தான். ஜெசிந்தாவின் தம்பி அமலன்.

டாக்டர் இளம்பரிதி எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். நல்ல மனிதர். நோயாளிகளிடம் 'வாங்க, போங்க' என்று பேசுகிற தலைமுறை.

"உக்காருங்க ஜெசிந்தா. பயப்பட ஒண்ணுமில்ல, நல்ல சேதிதான். இனிமே உங்களுக்குத் தாள் வேணாம். தோலடிக் குச்சி வெச்சிடலாம். மேல்கையில தோலுக்கு அடியில ஒரு சின்னக் குச்சி, அவ்வளவுதான். மாசக்கணக்குல அதுவே மருந்தை விட்டுக்கிட்டு இருக்கும். தினமும் வரிசைல நிக்க வேணாம்."

வரிசையில் நிற்கிற பாதிப் பேர் அந்தக் குச்சிக்காக வேண்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஜெசிந்தாவோ வேகமாகத் தலையசைத்து மறுத்தாள்.

"எனக்குத் தாளே போதும் சார். ஒயுங்காத்தான வந்துனு கீறேன்."

"நீங்க ஒழுங்காத்தான் வர்றீங்க. தாள்ல பாதிதான் ஒழுங்கா உள்ள போகல."

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். சாளரத்துக் கேமரா நாக்கைப் பார்க்கும், விரலைப் பார்க்காது. தாளை எடுக்கும்போதே நகத்தால் பாதியைக் கிள்ளி விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, மீதியை நாக்கில் வைத்துக் காட்டுவாள். கிள்ளிய பாதி சுவருக்கு வெளியே போகும், அமலனுக்கு. அந்தப் பாதித்தாள் இருக்கும்வரை அவன் ஊசியைத் தொடமாட்டான். வலியும் நடுக்கமுமாகத்தான் இருப்பான், ஆனால் உயிரோடு இருப்பான். அரைத்தாளில் இரண்டு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

"வில்லை காட்டிக் குடுத்துடுச்சா?" என்று கடைசியில் கேட்டாள்.

டாக்டர் சிரித்தார். "இல்லயே. பாவம், நிழல் கடைசிவரைக்கும் உங்களை நம்பிச்சு. உங்க உடம்பு மருந்தை ரொம்ப வேகமா செரிச்சிடுதுன்னு நெனச்சு அளவை ஏத்திக்கிட்டே போச்சு. எங்க டேட்டா டீம்ல உங்க ஈரலைப் பத்தி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுத இருந்தாங்க. நல்லவேளை."

"அப்ப யாரு சொன்னா?"

கேள்வியே புரியாதவர்போல அவர் பார்த்தார். "உங்க கூட்டாளிதான். குமுதவல்லி."

"அது எனக்குக் கூட்டாளி சார். அது ஏன் உங்களாண்ட வந்து சொல்லணும்?"

"அதுதானே அவங்க வேலை?"

கண்ணில் விழுந்த தூசியைத் தட்டுவதுபோல இமைத்தாள். அவர் விளக்கத் தொடங்கினார். அவருடைய குரலில் கள்ளம் எதுவும் இல்லை, அதுதான் கொடுமை. உடம்பு சொல்வது வில்லைக்குத் தெரியும், மனது சொல்வது தெரியாது. நிழலுக்கு இரண்டும் வேண்டும். அதனால் இதே பழக்கத்திலிருந்து மீண்டு வந்தவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, புதிதாக வருபவர்களோடு பழக விட்டார்கள். கேட்பதை அவர்கள் இந்த மருத்துவ மையத்தில் வந்து சொல்ல வேண்டும். அந்தப் பதவிக்கு ஒரு தமிழ்ப் பெயர் தேடி எங்கோ ஒரு குளிர்சாதன அறையில் ஒரு குழு உட்கார்ந்தது. பலகாரம் சாப்பிட்டுவிட்டு அவர்கள் தேர்ந்த பெயர் 'கூட்டாளி'.

காசிமேட்டில் யாரையாவது விசாரித்திருக்கலாம். இங்கே கூட்டாளி என்றால் பதவி அல்ல. சேர்ந்து வளர்ந்தவன், சேர்ந்து குடித்தவன், சேர்ந்து அடிவாங்கியவன். போலீஸ் கேட்டால் வாயைத் திறக்காதவன்.

"அவங்க மொத நாளே உங்ககிட்ட முறைப்படி சொல்லி சம்மதம் வாங்கியிருக்காங்களே. சட்டப்படி அது கட்டாயம்," என்று டாக்டர் மேசைமேல் விரலைத் தேய்த்தார். ஒலிப்பதிவு கேட்டது.

குமுதாக்காவின் குரல்: "இதோ பாரும்மே, இன்னிலேந்து நான் உனுக்குக் கூட்டாளி. சம்மதமா?"

பிறகு ஜெசிந்தாவின் குரல். சிரித்துச் சிரித்துப் புரையேறிய குரல். "சம்மதம், சம்மதம். மோதிரம் மாத்திக்கலாமாக்கா?"

அந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. திட்டத்தில் சேர்ந்த புதிது. வாந்தியும் நடுக்கமுமாக வரிசையில் நிற்க முடியாமல் சாய்ந்தவளை, முன்பின் தெரியாத ஒருத்தி தாங்கிப் பிடித்தாள். முகத்தைக் கழுவிவிட்டாள், இஞ்சி டீ வாங்கிக் கொடுத்தாள். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். பெண் பார்க்க வந்தவள்போல இப்படியா ஒருத்தி கேட்பாள் என்று ஜெசிந்தாவுக்கு அவ்வளவு சிரிப்பு. அன்றிலிருந்து எதையும் அவளிடம் மறைத்ததில்லை.

அமலனைப் பற்றியும் மறைக்கவில்லை. "எங்க இருக்கேன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அம்மா மேல சத்தியம் பண்ணு" என்று அவன் கேட்டபோது சத்தியம் செய்தவள்தான். அவன் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. இந்தத் திட்டத்துக்கு முன்னால் வேறொரு மருத்துவத் திட்டம் வந்து, அமலனோடு வேலை செய்த நண்பன் ஒருவனின் ரத்தப் பரிசோதனை முடிவு அதிலிருந்து எப்படியோ கசிந்து, தெருவே திரண்டு அந்த நண்பன் வீட்டுச் சாமான்களை வெளியே எறிந்தது. அந்த நண்பன் எங்கே போனான் என்று இன்றுவரை தெரியாது. அதைப் பார்த்த அமலன், எந்தக் கணினியிலும் தான் ஓர் எண்ணாக இருக்கப்போவதில்லை என்று சுவர்தாண்டிப் போய்விட்டான். ஜெசிந்தா தாளைக் கிள்ளுவதை எத்தனை நாள்தான் தனியாகச் சுமப்பாள்? ஒருநாள் குமுதாக்காவின் பேட்டரிக் கடையில் உட்கார்ந்து அவளிடம் அழுதாள். ஒரே ஒருத்தியிடம்தான்.

"என் தம்பிய இன்னா பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டோம். மருத்துவப் படகு காலைலயே போயிருக்கு." டாக்டர் முன்னால் சாய்ந்தார். "சுவருக்கு உள்ள எச்.ஐ.வி. நின்னுபோச்சு. வெளிய மட்டும் பரவிக்கிட்டே இருந்துச்சு. எவ்வளவு டேட்டாவைச் சேர்த்துப் பார்த்தாலும் நடுவுல எந்த இடம்னு தெரியாம எங்களுக்கு அது பரவுற வழி புரியல. வலையில ஒரு ஓட்டை. உங்க தம்பி இருக்கிற இடம் தெரிஞ்சதும் அந்தக் கூட்டமே தெரிஞ்சுபோச்சு. எத்தனை பேருக்கு இன்னிக்கு அரண் ஊசி போடப்போறோம் தெரியுமா? அவங்களுக்கு இனிமே நோய் வராது. நீங்க அதுக்குச் சந்தோஷப்படணும்."

அவள் சந்தோஷப்படுவதற்கு அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. பாதிப் பேச்சில் எழுந்து ஓடினாள்.

சுவரின் வாசலில் ஒரு படகுக்காரனைக் கெஞ்சிப் பிடித்து வெளியே போனாள். அங்கே பழைய காசிமேடு தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. டிரம்களைக் கட்டி மிதக்கவிட்ட குடிசைகள் தெருவிளக்குக் கம்பங்களின் உச்சியில் கட்டிப் போடப்பட்டு ஆடிக்கொண்டிருக்கும். மூழ்காமல் நிற்பது ஐஸ் ஃபேக்டரியின் மொட்டைமாடி ஒன்றுதான். அமலன் அங்கேதான் தார்ப்பாய் கட்டி இருந்தான்.

வெள்ளைப் படகு மாடியோரம் நின்றிருந்தது. ஆட்கள் யாரும் அதட்டவில்லை, பிடித்து இழுக்கவில்லை. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்பின் ஒருவராக மிதவைக் குடிசைக்காரர்கள் தோளைக் காட்டி ஊசி போட்டுக்கொண்டார்கள். சிலர் பயந்துகொண்டே காட்டினார்கள், சிலர் இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று சண்டை பிடித்தார்கள். அமலன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தான். எலும்பெல்லாம் எண்ணும்படி இருந்தது. முழங்கையின் உட்புறம் வில்லை ஒட்டிவிட்டிருந்தார்கள்.

"வேணாம்னா எட்து போட்டுடுன்னுதான் சொன்னாங்க," என்றான் அவளைப் பார்க்காமல். "இனிமே ஒளிஞ்சி இன்னா பண்ண?"

"அமலா..."

"அம்மா மேல சத்தியம் பண்ணியே."

"நான் இவங்களாண்ட சொல்லலடா. சத்தியமா சொல்லல. ஒரே ஒருத்தராண்டதான், அதுவும்..."

"அப்ப சொன்ன."

அவ்வளவுதான். அவன் கத்தியிருந்தால் அவள் பதிலுக்குக் கத்தியிருப்பாள். சின்ன வயதிலிருந்து அவர்கள் சண்டை எல்லாம் கத்தலில்தான் முடிந்து போயிருக்கிறது. அவன் கத்தவில்லை. மருத்துவப் பணியாளர் ஒருவர் அவனுக்கு ஒரு முழு நாக்குத்தாளை நீட்டினார். ரொம்ப நாளைக்குப் பிறகு கிழியாத தாள் ஒன்றை வாங்கி அவன் நாக்கில் வைத்துக்கொண்டான். அவள் கொண்டுவர முடியாமல் போன பாதிக்கு அவன் காத்திருக்கக்கூட இல்லை என்பதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குமுதாக்காவின் பேட்டரி சார்ஜ் கடை சுவரை ஒட்டியது. ஜெசிந்தா போனபோது அவள் கடையைச் சாத்தாமல் உட்கார்ந்திருந்தாள். வருவாள் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்ததுபோல இருந்தது.

"நீயெல்லாம் ஒரு மனுசியா?"

"ஒக்காரும்மே."

"ஒக்கார வரல. கேட்டுட்டுப் போக வந்தேன். என்னப் பத்தி இன்னான்னாத்த சொல்லிக் கீற?"

"எல்லாத்தியும்தான்." குமுதவல்லி பொய் சொல்லவில்லை. "மொத நாளே உன்னாண்ட சொல்லிட்டேன்மே. கூட்டாளின்னு சொன்னேன். சம்மதம்னு சொன்ன."

"சிரிச்சிக்கினே சொன்னேன்! அதுக்கு இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியாதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

குமுதவல்லி ஒரு பேட்டரியை எடுத்து, சார்ஜ் ஏறியதா என்று பார்த்து, அதே இடத்தில் வைத்தாள். "தெரியும்," என்றாள். "நீ வேற மாரி எடுத்துக்கினேன்னு அப்பவே தெரியும். வெளக்கிச் சொல்லியிருந்தா நீ திரும்பி வந்திருக்க மாட்ட. செத்திருப்ப."

அவள் அதை அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்வாள் என்று ஜெசிந்தா எதிர்பார்க்கவில்லை. மறுத்திருந்தால் நம்பியிருக்கலாம்.

"எம் புள்ளைக்கு ஒரு கூட்டாளி இருந்தான்மே," என்றாள் குமுதவல்லி. "நீ நெனக்கிற மாரி அசல் கூட்டாளி. எங்க போயி ஊசி போட்டுக்கிறான், யாராண்ட வாங்குறான், எல்லாம் அவனுக்குத் தெரியும். எங்கம்மாக்குச் சொல்லாதடான்னு சத்தியம் வாங்கினான் எம் புள்ள. அவன் சொல்லல. கடைசி வரிக்கும் சத்தியத்தக் காப்பாத்தினான். எம் புள்ளயக் காப்பாத்தல. பொணத்தாண்ட வந்து அவ்ளோ அழுதான். அந்த மாரி கூட்டாளி எனக்கு வேணாம்மே. யாருக்கும் வேணாம்."

அதைக் கேட்டு ஜெசிந்தாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"சரி. எனக்கு ஜுரம் வந்தப்ப ராவெல்லாம் கூட இருந்து கஞ்சி ஊத்தினியே, அது வேலையா? வேளாங்கண்ணிக்குக் கூட நடந்து வந்தியே, அது?"

"அது வேலையில்லமே."

"எது வேலை, எது வேலையில்லன்னு நான் எப்பிடிக்கா கண்டுபுடிப்பேன்?"

குமுதவல்லியை இப்போது 'அக்கா' என்று கூப்பிட்டதுதான் கடைசி என்று முடிவுசெய்துகொண்டு ஜெசிந்தா கடையை விட்டு இறங்கினாள். தெருவில் நடக்கும்போது, அழுகை வந்தால் இதைப் போய்ச் சொல்லி அழ யாரும் இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. அப்படி ஒன்று என்றால் இத்தனை வருடமாக நேராக பேட்டரிக் கடைக்குத்தான் போவாள்.

அவள் சும்மா விடவில்லை. அவளுடையது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற கை, லேசில் தளராது. மையத்தில் புகார் கொடுத்தாள், மேலிடத்தில் புகார் கொடுத்தாள், கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வேலையை விட்டுவிட்டுப் போனாள். போன இடத்திலெல்லாம் அவள் சிரிப்பைப் போட்டுக் காட்டினார்கள். சம்மதம், சம்மதம், மோதிரம் மாத்திக்கலாமா. கோட்டுப் போட்ட ஆட்கள் நடுவில் தன் சிரிப்பைக் கேட்பது தெருவில் துணி அவிழ்ந்து நிற்பதுபோல இருந்தது. ஆனாலும் ஒவ்வோர் இடத்திலும் அதையேதான் சொன்னாள்: "எங்க ஊர்ல கூட்டாளின்னா இதில்ல சார்."

ஒரு மூத்த அதிகாரிக்குக் கடைசியில் புரிந்தது. சட்டப்படி தவறு எதுவும் நடக்கவில்லை என்று எழுதினார். அதே கையோடு, இனி கூட்டாளி என்ற பெயரை மட்டும் சொன்னால் போதாது; கேட்பதை மையத்தில் சொல்வேன் என்பதை அந்தந்த ஊர்ப் பேச்சில் உடைத்துச் சொல்ல வேண்டும், நோயாளி வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும், நோயாளி சொன்னதை மையத்துக்குத் தவிர வேறு யாருக்கும், குடும்பத்தாருக்கும்கூட, அவர் அனுமதி இல்லாமல் சொல்லக் கூடாது என்றும் எழுதினார். அந்த உத்தரவு ஊர் ஊராகப் போனது. வேண்டாம் என்று பலர் விலகுவார்கள் என்று டேட்டா டீம் பயந்தது. விலகியவர்கள் கொஞ்சம்தான். உடைத்துச் சொன்ன பிறகு மக்கள் முன்பைவிட அதிகமாகப் பேசினார்கள். திட்டத்தைத் திருத்திய பெருமை ஜெசிந்தாவைச் சேரும். அதற்காக அவளுக்கு யாரும் ஒரு டீகூட வாங்கிக் கொடுக்கவில்லை.

அமலன் தேறினான். அவனுக்கு நோய் இல்லை என்று வந்தது. சுவருக்கு உள்ளே ஓர் அறை கிடைத்தது, வலைக் கிடங்கில் வேலை கிடைத்தது. கன்னத்தில் சதை பிடித்தது. அவனுக்கு இன்னும் நாக்குத்தாள்தான், அதனால் தினமும் சாளரத்துக்கு வருவான். ஜெசிந்தாவின் கையில் குச்சி ஏறிவிட்டதால் அவளுக்கு அங்கே வேலை இல்லை. இருந்தும் தினமும் வேலைக்குப் போகிற வழியில் வந்து, எதிர்ப்பக்கம் நின்று, அவன் தாள் வாங்குவதைப் பார்த்துவிட்டுப் போவாள். அவன் பார்க்கமாட்டான். ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள், அவனைத் தவிர.

ஒருநாள் அவன் சிரிப்பதைப் பார்த்தாள். மையத்து வாசற்படியில் உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். மொட்டைமாடியில் இருந்தபோது அவன் அப்படிப் பேசி அவள் பார்த்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது குமுதவல்லி.

ஜெசிந்தாவுக்கு ரத்தம் கொதித்தது. தன்னை விற்ற வாய் இப்போது தம்பியைத் தின்னப் பார்க்கிறது. யோசிக்கவே இல்லை. தெருவைக் கடந்து போய் இருவருக்கும் முன்னால் நின்றாள்.

"அமலா, இது யாருன்னு தெரியுமா? நீ சொல்றது ஒவ்வொண்ணும் உள்ள போயிரும். நீ இருந்த எடத்தக் காட்டிக் குடுத்ததே இதுதான்!"

அமலன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அத்தனை மாதங்களுக்குப் பிறகு இப்போதுதான் நேராகப் பார்க்கிறான்.

"தெரியும்," என்றான். "மொத நாளே சொல்லிச்சு. நீ சொல்றத உள்ள சொல்லுவேன், ஒன்ன மாட்டிவுட்டதும் நான்தான், புடிக்கலன்னா எயுந்து போயிடுன்னு சொல்லிச்சு. ரெண்டு வாரம் யோசிச்சுட்டுதான் ஒக்காந்தேன்."

"தெரிஞ்சுமாடா?"

"இது சொல்லிட்டுச் சொல்லுது. நீ சத்தியம் பண்ணிட்டு சொன்ன."

எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டான். குமுதவல்லியிடம், "நாளிக்கு மிச்சத்தச் சொல்றேங்க்கா," என்றான். அக்கா என்று கூப்பிட்டான். கிடங்கைப் பார்த்து நடந்தான்.

ஜெசிந்தா படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குழுவும் அந்தச் சொல்லும் டாக்டரும் குமுதவல்லியும் எல்லோரும் சேர்ந்து தனக்குத் துரோகம் செய்தார்கள் என்று இத்தனை மாதம் ஊரெல்லாம் அலைந்து சொன்னாள். தம்பியின் கணக்கில் துரோகி ஒருத்திதான். அந்தக் கணக்கில் தவறு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை.

பக்கத்தில் குமுதவல்லி எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். இருவரும் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ இறால் விலையைப் பற்றிச் சண்டை போட்டார்கள். ரோஷத்தை விழுங்க ஜெசிந்தாவுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

"தூங்குறானா ஒயுங்கா?" என்று கேட்டாள். "என்னப் பத்தி எதுனா பேசுவானா?"

குமுதவல்லி அவள் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வந்தது உதட்டுவரை வந்துவிட்டது என்பது தெரிந்தது. பழகிய முகம்தானே, எப்போது வாய் திறக்கும் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியாதா? காத்திருந்தாள்.

"அத உன்னாண்ட சொல்லக் கூடாதும்மே," என்றாள் குமுதவல்லி. "எங்கக்காக்கு மட்டும் சொல்லாதன்னு கேட்டுனு கீறான். சரின்னு சொல்லிட்டேன்."